ஊரடங்கில் பிள்ளைகளுக்குக் காலம் எப்படிப் போனது: மும்பையின் பதினெட்டு மாதக் கணக்கு

2020 மார்ச் நடுவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட மும்பைப் பிள்ளை, மறுபடி வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 அக்டோபர் 4-ஆம் தேதி. எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளை நகரத்தில் நேரடியாகத் திறந்த நாள் அது. அதற்குள் அந்தப் பிள்ளை பதினோராம் வகுப்பு. பெஞ்சு, கரும்பலகை, மணி, பொதுத்தேர்வு எதுவுமே இல்லாமல் பத்தாம் வகுப்பு முடிந்துபோயிருந்தது. அவர்களெல்லாம் இன்று இருபதைத் தொட்டவர்கள். தாராவியோ செம்பூரோ, அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில் வரும். "ஒரு நாளைத் தள்றதே பெரும்பாடு" என்பார்கள். அதே மூச்சில், "ரெண்டு வருஷம் எங்க போச்சுன்னே தெரியல" என்பார்கள்.

கேட்க முரணாக இருந்தாலும் இரண்டும் உண்மைதான். நாள் நீண்டதற்கும் ஆண்டு சுருங்கியதற்கும் காரணம் ஒன்றே: காலத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த எல்லைகள் ஒரே வாரத்தில் அழிந்தன.

கடிகாரம் ஒன்று, கணக்கு இரண்டு

கண், காது போல நேரத்துக்கென்று தனிப் புலன் நமக்கில்லை. மூளை நேரத்தை மற்ற வேலைகளிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே "எவ்வளவு ஆச்சு?" என்று பார்ப்பது ஒரு கணக்கு. அதற்குக் கவனமே அளவுகோல். கையில் வேலை இருந்தால் கவனம் அங்கே போய்விடும், நேரம் வேகமாகப் போனதாகப் படும். வேலை இல்லாமல், மனசு திரும்பத் திரும்பக் கடிகாரத்துக்கே வந்தால் ஒவ்வொரு நிமிடமும் எடை கூடும்.

முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து "எவ்வளவு நாள் ஆனது?" என்பது இன்னொரு கணக்கு. இங்கே கவனத்துக்கு வேலையில்லை, நினைவுக்குத்தான் வேலை. அந்தக் காலத்தில் எத்தனை மாற்றங்கள் பதிவாயின, எத்தனை இடங்கள், எத்தனை ஆட்கள், எத்தனை முதன்முறைகள் என்பதை வைத்தே மூளை நீளத்தை அளக்கிறது. பதிவு குறைந்தால் காலம் குறுகும். பலவகை அனுபவம் நிறைந்த காலம் நடக்கும்போது குறுகியதாகவும் பின்னால் நினைக்க நீண்டதாகவும் தோன்றும், வெறுமையான காலம் இதற்கு நேர்மாறாகத் தோன்றும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். ஊரடங்கு அந்த வெறுமையான காலத்துக்கு உலகளாவிய செய்முறை விளக்கமாக அமைந்தது.

இங்கிலாந்தில் முதல் ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், ரூத் ஆக்டன் என்ற உளவியல் ஆய்வாளர் 604 பேரிடம் கேட்டார். நேரம் வழக்கம்போல் போகவில்லை என்று சொன்னவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நேரம் வேகமாகவும் மீதிப் பேருக்கு மெதுவாகவும் போயிருந்தது. மெதுவாகப் போனதோடு சேர்ந்து வந்தவை கூடுதல் வயது, மன அழுத்தம், வேலைக் குறைவு, மற்றவர்களோடு பழகுவதில் திருப்தியின்மை. பிரான்சில் நடந்த இன்னொரு ஆய்வு சலிப்பையும் சோகத்தையும் சுட்டிக்காட்டியது. இவையெல்லாம் பெரியவர்களிடம் எடுத்த கணக்கு. ஆனால் அந்தக் காரணங்களைப் பதினைந்து வயதுக்குப் பொருத்திப் பார்த்தால், வயது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும். நண்பர்களோடு பழகுவது அந்த வயதின் முக்கால் வாழ்க்கை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுக்காரருக்கு ஒன்றரை ஆண்டு என்பது வாழ்நாளில் 10 சதவீதம். நாற்பத்தைந்து வயது அப்பாவுக்கு அதே ஒன்றரை ஆண்டு 3.3 சதவீதம்தான். வயது ஏற ஏற ஆண்டு ஏன் சுருங்குகிறது என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டில் பால் ஜானே என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி சொன்ன விளக்கம் இது. மூளைக்குள் இப்படியொரு வகுத்தல் நடப்பதற்கு ஆதாரமில்லை. ஆனாலும் "எல்லாருக்கும்தானே லாக்டவுன், உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்ட பெற்றோருக்கு இது நல்ல பதில். முதியவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் பத்திலிருந்து முப்பது வயதுக்கு உட்பட்ட நினைவுகளே மிக அதிகமாக வரும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. முதன்முறைகள் குவியும் வயது அது. ஊரடங்கு விழுந்தது அந்தக் குவியலின் நடுவில்.

அழிந்த எல்லைகள்

மும்பையில் நேரம் சொல்வது லோக்கல் ரயில். "8.12 ஃபாஸ்ட்" என்றால் அது ரயிலின் பெயர், நேரம், கூட வரும் ஆட்கள் எல்லாம் சேர்ந்தது. 2020 மார்ச் 22 நள்ளிரவோடு அது நின்றது. ஜூன் 15-இல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓடத் தொடங்கியது. 2021 பிப்ரவரி 1 முதல் பொதுமக்கள் ஏறலாம், ஆனால் காலை 7 மணிக்கு முன், பகல் 12 முதல் 4 வரை, இரவு 9-க்குப் பின் மட்டும். இரண்டாம் அலையில் மறுபடி தடை. 2021 ஆகஸ்ட் 15-இல் இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்களுக்குத் திறந்தபோது, பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்கு ஊசியே கிடையாது. 15 முதல் 18 வயதினருக்கு அது தொடங்கியது 2022 ஜனவரி 3-இல்.

இதோடு மே மாதப் பயணமும் போயிற்று. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டு ஜனவரியில் திரும்புவதில்லை, மே மாதத்தில்தான் திரும்பும். தேர்வு முடியும், பெட்டி கட்டுவார்கள், சோலாப்பூர், குண்டக்கல் வழியே ஒன்றரை நாள் ரயிலில் திருநெல்வேலிப் பக்கம் போவார்கள், ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்போது திரும்புவார்கள். பழைய வகுப்புக்கும் புதிய வகுப்புக்கும் நடுவே அந்தப் பயணம்தான் கோடு. 2020-இல் ரயில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு எங்கே முடிந்தது, பத்தாம் வகுப்பு எங்கே தொடங்கியது என்பது பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை. அதே மூலை, அதே ஃபோன், வாட்ஸாப் குழுவின் பெயர் மட்டும் மாறியது.

இடம் மாறும்போது நினைவு ஒரு பக்கத்தை மூடி அடுத்ததைத் திறக்கிறது. ஒரு அறையிலிருந்து வாசலைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனாலே முன்பு நடந்ததும் இப்போது நடப்பதும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பதிவாகின்றன என்று சோதனைகள் காட்டியுள்ளன. சாதாரணப் பள்ளி நாளில் வகுப்பு, லேப், மைதானம், கேன்டீன், பிளாட்பாரம், டியூஷன் என்று இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாசல்கள். ஆன்லைன் வகுப்பில் கணக்கும் வரலாறும் மராத்தியும் ஒரே ஆறு அங்குலத் திரையில், ஒரே சுவரில் சாய்ந்தபடி வந்தன. பாடம் புரிந்திருக்கலாம். எந்த மாதம் படித்தது என்று கேட்டால் சொல்ல முடியாது.

பண்டிகைகள் நின்றுபோகவில்லை, சிறுத்துப்போயின. 2020 ஆகஸ்ட் 22 பிள்ளையார் சதுர்த்திக்குப் பொதுப் பந்தல் பிள்ளையாருக்கு 4 அடி, வீட்டுப் பிள்ளையாருக்கு 2 அடி என்று அரசு உயரம் குறித்தது. கூட்டமும் ஊர்வலமும் இல்லாத சதுர்த்தி நினைவில் ஒட்டுவதற்கு அதிகம் இல்லை. மார்ச்சில் தொடங்க வேண்டிய ஐ.பி.எல். செப்டம்பரில் வந்து காலத்தை இன்னும் குழப்பியது.

முடிவு தெரியாத காத்திருப்பு

எல்லை இல்லாதது ஒரு சிக்கல் என்றால், இருந்த எல்லை நகர்ந்துகொண்டே போனது இன்னொன்று. மார்ச் 25-இல் தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு முதலில் 21 நாள். ஏப்ரல் 14-இல் முடியும் என்றார்கள், மே 3 ஆயிற்று. பிறகு மே 17, பிறகு மே 31. நான்கு தவணையாக 68 நாள். அறுபத்தெட்டு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அது குறுகியதாக இருந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். முடிவு தெரிந்த காத்திருப்பைவிடத் தெரியாத காத்திருப்பு நீளும். ஒவ்வொரு முறையும் தேதி நெருங்க நெருங்கக் கவனம் அதிலேயே குவியும், தேதி தள்ளிப்போனதும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

தேர்வு விஷயத்தில் இது பிள்ளைகளை நேராகத் தாக்கியது. 2020 மகாராஷ்டிர எஸ்.எஸ்.சி. (பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு) மாணவர்களுக்கு மீதி இருந்தது ஒரே ஒரு தாள்: மார்ச் 23 புவியியல். தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 12-இல் ரத்து என்றார்கள். மற்ற பாடங்களின் சராசரியை வைத்து மதிப்பெண் தந்தார்கள். நடுவில் மூன்று வாரம் அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை மூடவும் முடியாமல் திறக்கவும் மனமில்லாமல் இருந்தார்கள். "தேர்வு முடிந்தது" என்று பேனாவை மூடும் அந்த ஒரு மத்தியானம் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வே இல்லை. 2021-இல் 100 மதிப்பெண்ணில் 50 ஒன்பதாம் வகுப்பு முடிவிலிருந்து, 30 பத்தாம் வகுப்பின் உள்மதிப்பீட்டிலிருந்து, 20 வாய்மொழி, செய்முறை, வீட்டுப்பாடத்திலிருந்து. ஜூலை 16-இல் முடிவு வந்தது, தேர்ச்சி 99.95 சதவீதம். அன்று இணையதளம் மணிக்கணக்கில் திறக்கவில்லை, காத்திருப்புக்குள் இன்னொரு காத்திருப்பு. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு ஆகஸ்ட் 21-இல் நுழைவுத்தேர்வு என்று அறிவித்திருந்தார்கள். ஆகஸ்ட் 10-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. தேர்வு ரத்தானதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி என்று பெரியவர்கள் நினைத்தது பாதி சரி. ஆண்டின் ஒரே முடிவுக்கோடும் அதோடு போனதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

உடம்புக் கடிகாரம் நழுவிய விதம்

1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரம் இல்லாமல் சுமார் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14-இல் வெளியே வந்தபோது அவர் கணக்கில் தேதி ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் காணாமல் போயிருந்தது. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னபோது அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. இருட்டும் ஒரே மாதிரி நாட்களும் காலத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மனித உடம்பின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடம் ஓடுகிறது. தினமும் அந்த 11 நிமிடத்தைத் திருத்துவது காலை வெளிச்சம். வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும் வெளிச்சம், டியூப்லைட் எரியும் அறைக்குள் 100 முதல் 300 லக்ஸ்தான். நெருக்கமான சந்துகளில், பகலிலும் விளக்குப் போட வேண்டிய கோலிகளில் (ஒற்றை அறை வீடுகளில்) இருந்த பிள்ளைக்குப் பத்து நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நழுவ வாய்ப்புண்டு. அதோடு, பருவமடையும் வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பு இரவில் ஓரிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பதினாறு வயதுப் பிள்ளை பன்னிரண்டு மணிக்கும் விழித்திருப்பது பெரும்பாலும் உடம்பு செய்கிற வேலை, திமிர் இல்லை. பள்ளி மணி அந்த நழுவலை இழுத்துப் பிடித்திருந்தது. மணி போனதும் காலை எட்டு பதினொன்றாகி, பதினொன்று ஒன்றாயிற்று.

ஒரு நன்மையையும் மறைக்கக் கூடாது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளி நாட்களில் அது கிடைக்காத பிள்ளைகளில் பலர் ஊரடங்கில் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சிக்கல் தூக்கத்தின் அளவில் இல்லை, அது நாளில் எங்கே விழுந்தது என்பதில்.

நழுவியதைத் திருப்பும் வழி இன்றும் பயன்படும். நீண்ட விடுப்புக்குப் பிறகோ, உடம்பு சரியில்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்த பிறகோ இதே நிலை வரும். படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். 11 மணிக்கு எழுபவர் 7 மணிக்கு வர வேண்டுமானால் நான்கு மணி நேரம் பின்னுக்கு வர வேண்டும். இரண்டு நாளைக்கு அரை மணி வீதம் நகர்த்தினால் 16 நாள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20, 30 நிமிடம் வெளி வெளிச்சம். மொட்டைமாடி இல்லாவிட்டால் சாலின் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள கட்டடத்தின்) பொது வராந்தா போதும், மழைக்கால மேகமூட்டமும் அறை விளக்கைவிடப் பல மடங்கு. ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே உட்கார்ந்தால் பலன் குறைவு. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், அதுவும் 3 மணிக்கு முன். குடித்த டீயின் காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆகவே மாலை டீயோடு நிறுத்த வேண்டும். பெரும்பாலும் தவறுவது இரண்டு இடத்தில். முதல் நாளே 7 மணிக்கு அலாரம் வைத்தால் அன்று இரவும் சீக்கிரம் தூக்கம் வராமல் போகலாம், மூன்றாம் நாள் ஆள் கைவிட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக மூன்று மணி நேரம் தூங்கினால் அந்த வாரம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

ஃபோன்தான் பள்ளி, ஃபோன்தான் மைதானம்

மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் நான்கு ஆன்லைன் வகுப்பு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். ஆக, மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குழு வீடியோ வகுப்பு தரத்தைப் பொறுத்து மணிக்கு அரை ஜி.பி. முதல் ஒரு ஜி.பி. வரை தின்னும். வீட்டில் இருந்ததோ நாளைக்கு 1.5 ஜி.பி. பேக், பல வீடுகளில் இரண்டு பிள்ளைக்கு ஒரே ஃபோன். மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வேகம் 64 கே.பி.பி.எஸ்., வாட்ஸாப் படமே திறக்காது. புது டேட்டா இரவு 12 மணிக்கு வரும்.

இதன் விளைவு பெரிது. நண்பர்கள் ஒன்றுசேர்வதும் விளையாட்டும் நள்ளிரவுக்குத் தள்ளிப்போயின. ஏற்கெனவே நழுவிக்கொண்டிருந்த உடம்புக் கடிகாரத்தை டேட்டா பேக்கும் அதே திசையில் தள்ளியது. பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருந்ததற்குப் பெரியவர்கள் சொன்ன காரணங்களில் ஒழுக்கம் அதிகமாகவும் ரீசார்ஜ் குறைவாகவும் அடிபட்டது. இலவச ஜூம் கணக்கில் நாற்பதாவது நிமிடம் தானாக அறுந்துபோகும் அழைப்புதான் பல வகுப்புகளுக்கு மிச்சமிருந்த ஒரே மணி.

டிக்டாக்கை 2020 ஜூன் 29-இல் தடைசெய்தார்கள். ஜூலை 8-இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் வந்தது, அப்போது ஒரு ரீல் 15 நொடி. முழுதாகப் பார்த்தாலும் மணிக்கு 240. மேலே சொன்ன இரண்டு கணக்கிலும் இது தோற்கும். பார்க்கும்போது கவனம் முழுதும் திரையில் இருப்பதால் மணி போவது தெரியாது. பார்த்து முடித்தபின் இடமோ ஆளோ மாறாததால் நினைவில் ஒன்றும் நிற்காது. சலிப்பில் உட்கார்ந்திருந்த மத்தியானமாவது நீளமாக இருந்தது, இது அதுவும் இல்லை. பப்ஜிக்கு (தடை 2020 செப்டம்பர் 2) இந்தக் குறை கொஞ்சம் கம்மி. நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடி, கத்தி, சண்டை போட்ட ஆட்டங்களைப் பலரால் இன்றும் தனித்தனியாகச் சொல்ல முடியும். பெற்றோர் இரண்டையும் "எப்பப் பார்த்தாலும் ஃபோன்" என்று ஒரே கணக்கில் எழுதினார்கள்.

ஒரே அறையில் நேரம்

தாராவியின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே இருப்போர் எட்டு முதல் பத்து லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். முதல் தொற்று 2020 ஏப்ரல் 1-இல் உறுதியானது, அதன்பின் சந்துகளை அடைத்தார்கள். பத்துக்குப் பத்து, பத்துக்குப் பதினைந்து கோலியில் ஐந்தாறு பேர் நாள் முழுதும். இங்கே நேரம் தனி ஆளுக்குச் சொந்தமானதாக இருக்கவில்லை. அப்பா தூங்கினால் வகுப்பைக் காதில் மட்டும் கேட்க வேண்டும், அம்மா சமைத்தால் மூலையை மாற்ற வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகுள்ள இரண்டு மணி நேரம் மட்டுமே தனக்கென்று இருந்தது. அதைப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்காததில் வியப்பில்லை.

ஆனால் இந்த வீடுகளில் ஒரு கடிகாரம் நிற்கவே இல்லை: தண்ணீர். நகராட்சிக் குழாயில் நாளுக்குக் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் வரும். டிரம்மை நிரப்புகிறவர் அதற்கு எழுந்தே ஆக வேண்டும். பொதுக் கழிப்பறை வரிசைக்கும் அதன் நேரம் உண்டு. விடியுமுன் இட்லி அவித்து நகரத்துக்குக் கொண்டுபோகும் வீடுகளில் அந்தத் தொழில் நின்றதும் நாளின் முதுகெலும்பே போயிற்று. தண்ணீர் மட்டும் மிஞ்சியது. செம்பூர் அடுக்குமாடியில் தனி அறையும் வைஃபையும் இருந்த பிள்ளையை எழுப்ப இப்படி எதுவும் இல்லை. வசதி கூடிய வீட்டில் நாள் அதிகம் கரைந்தது என்றால் நம்பக் கடினம், ஆனால் எல்லை என்ற கணக்கில் அதுதான் சரி.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு மாதிரி. அம்மாவோடு சேர்ந்து சமையல், பாத்திரம், தம்பியின் வகுப்பு என்று வேலை குவிந்ததால் நாள் நீளவில்லை. ஆனால் எல்லா நாளும் ஒரே வேலை. சலிப்பும் இல்லை, பதிவும் இல்லை. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் குறைவாக இருந்தால் அது மறதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த மாதங்களை மீண்டும் அடுக்குவது

மக்கள்தொகை ஆய்வாளர்கள் சில ஆய்வுகளில் ஒருவரின் கடந்தகாலத்தைக் கேட்கும்போது "எப்போது?" என்று நேராகக் கேட்பதில்லை. மாதக் கட்டங்கள் போட்ட தாளைக் கொடுத்து, தெரிந்த நிகழ்ச்சிகளை முதலில் நிரப்பி, தெரியாததை அவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்பார்கள். ஊரடங்கு மாதங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். கணக்குப் பேரேட்டின் இரண்டு பக்கத்தை விரித்து 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை 20 கட்டம் போட வேண்டும். குறுக்கே நான்கு வரிசை: வீடு, பள்ளி, நண்பர்கள், தூக்கம்.

முதலில் எல்லோருக்கும் பொதுவான தேதிகள். மார்ச் 22 மாலை 5 மணி தட்டு தட்டியது. ஏப்ரல் 5 இரவு 9 மணி விளக்கு. ஜூன் 3 நிசர்கா புயல். ஆகஸ்ட் 15 மாலை தோனி ஓய்வு. செப்டம்பர் 25 எஸ்.பி.பி. மறைவு. அக்டோபர் 12 காலை நகரம் முழுதும் மின்சாரம் போனது, ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்ற நாள் என்பதால் இது பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கும். 2021 ஏப்ரல் 14 இரவு 8 மணி மாநிலத்தின் புதிய கட்டுப்பாடுகள். மே 17 டவ்தே புயல். ஜூலை 16 எஸ்.எஸ்.சி. முடிவு. அதன்பின் வீட்டுத் தேதிகள்: யாருக்கு எப்போது காய்ச்சல், யார் வேலை போனது, புது ஃபோன் எப்போது வந்தது, ஊரில் நடந்த, ஆனால் போக முடியாமல் போன கல்யாணம் எது.

மூன்றாவதாக ஃபோன் ஆதாரம். இங்கேதான் அதிகம் தவறு வரும். வாட்ஸாப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி இருக்காது, அனுப்பும்போதே அது நீங்கிவிடும். கோப்பின் பெயரில் இருக்கும் 20200815 போன்ற எட்டு எண்கள் படம் அந்த ஃபோனுக்கு வந்த நாளையே காட்டும். பழைய படத்தை யாராவது பின்னால் ஃபார்வர்டு செய்திருந்தால் மாதம் மாறிவிடும். புது ஃபோனுக்கு மாற்றியவர்களுக்கு கேலரி காட்டும் தேதி, நகலெடுத்த நாளாக இருக்கலாம். அப்போது கேலரியை விட்டுக் கோப்பின் பெயரைப் பார்க்க வேண்டும். ரீசார்ஜ் எஸ்.எம்.எஸ்., யு.பி.ஐ. வரலாறு, கேமராவிலேயே எடுத்த படம் இவற்றை நம்பலாம்.

முதல் ஊரடங்கும் 2021 ஏப்ரலுக்குப் பிந்தைய இரண்டாவதும் நினைவில் ஒட்டிக்கொள்வது அடுத்த சிக்கல். பிரித்துப் பார்க்கக் கிரிக்கெட் உதவும். சென்னை முதன்முறையாக பிளே-ஆஃப் போகாத ஐ.பி.எல். 2020 செப்டம்பர் முதல் நவம்பர் வரை. பாதியில் நின்று, பிறகு சென்னை கோப்பை வென்றது 2021, இறுதி ஆட்டம் அக்டோபர் 15. கிரிக்கெட் பார்க்காதவர்களுக்குப் புயல்: ஊருக்குள் பெரிதாக அடிக்காமல் போனது நிசர்கா, மரங்களைச் சாய்த்தது டவ்தே.

சில கட்டங்கள் காலியாகவே நிற்கும். ஊகித்து நிரப்பக் கூடாது, எந்த மாதத்தில் எல்லைகள் அதிகம் அழிந்திருந்தன என்பதை அந்தக் காலியே காட்டும். வீட்டில் சாவு நடந்திருந்தால் அந்த மாதத்தைக் கடைசிக்கு விட்டு, பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது எழுதலாம், எழுதாமலும் விடலாம். அண்ணன் தங்கை இருவரும் எழுதுவதானால் முதலில் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால், அழுத்தமாகப் பேசுகிறவரின் நினைவே இருவருடைய தாளிலும் ஏறிவிடும்.